பாலத்தின் மேல் குடியிருக்க முடியாது

வீட்டிலேயே சின்னதாக ஒலிப்பதிவு அறை வைத்திருக்கும் யாரிடமாவது "லினக்ஸுக்கு மாறலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டில் ஒரு பதில் வரும். "அங்கே ப்ளக்-இன் ஒன்றும் ஓடாது, பொழுதை வீணாக்காதே" என்பார் ஒருவர். "அதெல்லாம் பழைய கதை. யாப்ரிட்ஜ் போட்டுக்கொள், விண்டோஸ் ப்ளக்-இன் அத்தனையும் ஓடும், தைரியமாக மாறு" என்பார் இன்னொருவர். ஒருவர் தடுக்கிறார், மற்றவர் கூப்பிடுகிறார். ஆனால் இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே தராசு. விண்டோஸுக்கென்று செய்யப்பட்ட மூடிய ப்ளக்-இன்கள் எத்தனை ஓடுகின்றனவோ, அந்த அளவுக்குத்தான் லினக்ஸ் இசைக்கு லாயக்கு என்று நிறுக்கிற தராசு அது. முதல் பதிலை மறுத்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு வழக்கு இரண்டாவது பதிலோடுதான். அதுதான் இப்போது எல்லோரும் சொல்லும் அறிவுரை, கேட்க இனிமையானது, அதை நம்பித்தான் நானும் ஒரு பாட்டை இழந்தேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பாட்டைப் பதிந்து, அடுக்கி, கலப்பதற்கு ஒரு மென்பொருள் இருக்கும்: க்யூபேஸ், லாஜிக், ரீப்பர், ஆர்டோர் என்று பல. அதற்குள் சொருகிக்கொள்ளும் சிறு மென்பொருள்தான் ப்ளக்-இன். குரலுக்கு மண்டபத்தின் எதிரொலி கொடுக்க ஒன்று, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்ட ஒன்று, அறையில் ஒரு வயலின்கூட இல்லாமல் வயலின் கூட்டத்தையே எழுப்ப இன்னொன்று. சொருகும் துளையும் சொருகப்படும் முனையும் ஒன்றுக்கொன்று பொருந்த ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஹாம்பர்க்கின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1996இல் க்யூபேஸுடன் கொண்டுவந்த விஎஸ்டி என்ற ஒப்பந்தம்தான் உலகமெங்கும் பரவியது. 1999இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்து, வாத்தியங்களையும் ப்ளக்-இன்னாகச் சொருக வழி திறந்தது. இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் வாத்தியச் சந்தை பெரிதும் அந்த வழியில் வளர்ந்ததுதான்.

லினக்ஸ்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 2000இல் லாட்ஸ்பா என்ற எளிய வடிவம் வந்தது. 2008இல் அதைவிடப் பல மடங்கு செய்யக்கூடிய எல்வி2 வந்தது. பால் டேவிஸ் எழுதத் தொடங்கிய ஆர்டோர் அதற்குள் முழு ஒலிப்பதிவுக் கூடமாக வளர்ந்திருந்தது. ஆனால் விற்பனைக்கு வந்த ப்ளக்-இன்களில் பெரும்பாலானவை விண்டோஸையும் மேக்கையும் விட்டு வெளியே வரவில்லை. விஎஸ்டி2-இன் நிரல் கோப்புகளை ஸ்டைன்பெர்க் தவிர வேறு யாரும் மறுவிநியோகம் செய்யக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. மூலநிரலைத் திறந்து கொடுக்கும் மென்பொருளுக்கு அந்த நிபந்தனை கழுத்தில் கல். எல்எம்எம்எஸ் என்ற திட்டத்துக்காக, அந்தக் கோப்புகளைத் தொடாமலே, ப்ளக்-இன்கள் எப்படிப் பேசுகின்றன என்பதைக் கவனித்து வெஸ்டீஜ் என்ற மாற்றுக் கோப்பை எழுத வேண்டியிருந்தது. 2018 அக்டோபரில் ஸ்டைன்பெர்க் கதவையே சாத்தியது: இனிமேல் புதிதாக யாருக்கும் விஎஸ்டி2 உரிமம் கிடையாது. உலகத்தில் பாதிப் பாட்டு எந்த ஒப்பந்தத்தின் மேல் நிற்கிறதோ, அந்த ஒப்பந்தத்தைப் பூட்ட ஒரு நிறுவனத்தின் அறிவிப்பு போதுமானதாக இருந்தது.

இந்தத் தவிப்பில் பிறந்ததுதான் பாலம். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற மென்பொருள் 1993இலிருந்து வளர்ந்துவருகிறது. அதன் தோளில் ஏறி ப்ளக்-இன்களைக் கடத்திவரப் பல முயற்சிகள் நடந்தன. அவற்றில் ஆகச் சிறந்தது 2020இல் ராபர்ட் வான் டெர் ஹெல்ம் வெளியிட்ட யாப்ரிட்ஜ். அந்த உழைப்பின் முன் நான் கைகூப்புகிறேன். இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட அவருக்கு எதிரானதல்ல.

அது செய்யும் வேலையைப் பாருங்கள். ஆர்டோரோ ரீப்பரோ ஒரு ப்ளக்-இன்னைக் கூப்பிடுகிறது. எதிரே நிற்பது ப்ளக்-இன் அல்ல, அதன் வேடம் போட்ட சிறு லினக்ஸ் கோப்பு. அது வைனுக்குள் ஓடும் வேறொரு நிரலைத் தட்டி எழுப்புகிறது. உண்மையான ப்ளக்-இன் இருப்பது அங்கே. ஒலி இங்கிருந்து அங்கே போய், பதமாகி, திரும்பி வர வேண்டும். 48,000 ஹெர்ட்ஸில், 128 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வேலை பார்த்தால், ஒரு துண்டுக்குக் கிடைக்கும் நேரம் 2.67 மில்லிநொடி. நொடிக்கு 375 முறை இந்தப் போக்குவரத்து நடக்கும். ஒரு முறை தாமதித்தாலும் காதில் 'டப்' என்று கேட்கும். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போதே ப்ளக்-இன்னின் விண்டோஸ் சாளரத்தை லினக்ஸ் சாளரத்துக்குள் ஒட்டியும் காட்ட வேண்டும். இது ஓடுகிறது, அதுவும் நன்றாகவே ஓடுகிறது என்பது பெரிய சாதனை.

ஆனால் இந்தப் பாலத்துக்கு எத்தனை தூண் என்று எண்ணிப் பாருங்கள். ப்ளக்-இன் செய்த நிறுவனம் ஒரு தூண். அதன் உரிமச் சரிபார்ப்பு நிரல் இன்னொன்று. வைன் மூன்றாவது. யாப்ரிட்ஜ் நான்காவது. லினக்ஸின் சாளர அமைப்பு ஐந்தாவது. ஐந்தும் ஐந்து கைகளில் இருக்கின்றன. யாருக்கும் மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் கடமை இல்லை. 2024 நவம்பரில் வைன் 9.22 வந்தது. சாளரங்களைக் கையாளும் முறையில் வைன்காரர்கள் செய்த மாற்றம் அவர்கள் அளவில் நியாயமானது. ஆனால் பாலத்தின் வழியே வந்த ப்ளக்-இன்களில் சுட்டியை ஓர் இடத்தில் அழுத்தினால் வேறோர் இடத்தில் பதிந்தது. திருகியைப் பிடித்தால் கை வெற்றிடத்தில் விழுந்தது. "9.21-ஐப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், புதுப்பிக்காதீர்கள்" என்பதுதான் எல்லோரும் எல்லோருக்கும் சொன்ன மருந்து. அதே ஆண்டில் ஜூஸ் என்ற நிரல் தொகுப்பின் 8ஆம் பதிப்பு வந்திருந்தது. ஏராளமான ப்ளக்-இன் நிறுவனங்கள் முகப்பு வரைவது அதை வைத்துத்தான். விண்டோஸில் படம் வரையும் முறையை அது மாற்றிக்கொண்டது. புதுப் பதிப்புக்கு மாறிய ப்ளக்-இன்கள் சில வைனில் வெற்றுப் பெட்டியாகத் திறந்தன. யார் மேலும் குற்றம் இல்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டைச் செப்பனிட்டார்கள். நடுவில் தொங்கியது பாலத்தில் நின்றவரின் பாட்டு.

நான் இழந்ததைச் சொல்கிறேன்.

2021இல் தென்காசிப் பக்கத்து நாதஸ்வர வித்வான் ஒருவரின் கல்யாணி ஆலாபனையைப் பதிவு செய்தேன். தவிலும் ஒத்தும் மட்டும் போதும் என்பது அவர் எண்ணம். கடைசிப் பகுதியில், மேல் ஷட்ஜத்தில் அவர் நின்று நிதானிக்கும் இடத்தில், பின்னால் மிக மெல்லிசாகத் தந்தி வாத்தியக் கூட்டம் ஒன்றைச் சேர்த்துக் காட்டினேன். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். "இது இருக்கட்டும்" என்றார். அந்த வாத்தியக் கூட்டம், முழு விலை கொடுத்து நான் வாங்கிய ஒரு விண்டோஸ் ப்ளக்-இன். பாலத்தின் வழியே வந்து அழகாக ஓடியது. அவருடைய நாதஸ்வரத்தின் சுருதி எந்தக் கீபோர்டோடும் இசையாது என்பதால் பதினாறு சென்ட் இறக்கி, வில்லின் அழுத்தத்தை ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கையால் வரைந்து, இரண்டு இரவு உட்கார்ந்து அமைத்தது. ஒத்து மட்டும் லினக்ஸிலேயே பிறந்த ஸின்ஆட்சப்எஃப்எக்ஸில் செய்தேன், வேறு எதுவும் கைக்கு உடனே கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால்.

2025இல் அவர் மகன் கூப்பிட்டார். பெரியவர் காலமாகி ஓராண்டு ஆகப்போகிறது. "அண்ணே, அப்பாவுக்கு வருஷம் வருது. அந்தக் கல்யாணியைப் போடலாம்னு இருக்கோம். பின்னாடி வர்ற தந்தி வாத்தியத்தைக் கொஞ்சம் குறைச்சு, அப்பா வாசிச்சதை முன்னாடி கொண்டுவந்து தர முடியுமா? எடுத்துடாதீங்க, அது அப்பாவுக்குப் பிடிக்கும்." பத்து நிமிட வேலை என்று சொல்லி வைத்தேன்.

செஷனைத் திறந்தேன். ஒத்து ஒலித்தது, நான்கு வருடத்துக்கு முன் விட்ட இடத்தில், அதே கனத்தோடு. தந்தி வாத்திய ட்ராக்கில் மௌனம். இடையில் நான் கணினி மாற்றியிருந்தேன். ப்ளக்-இன்னோ புதுக் கணினியில் உரிமத்தை மறுபடி நிரூபிக்கச் சொன்னது. நிரூபிக்கும் நிரலின் பழைய பதிப்பை அந்த நிறுவனம் ஏற்பதை நிறுத்திவிட்டது. புதுப் பதிப்பு வைனில் வெள்ளைச் சாளரமாக நின்றது. ரசீதோடு நிறுவனத்துக்கு எழுதினேன். லினக்ஸில் எங்கள் மென்பொருளை ஓட்டுவதற்கு ஆதரவு தருவதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. லினக்ஸில் ஓடும் என்று அவர்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னவர்கள் நாம். ஒருவருக்கொருவர் நாம்தான் சொல்லிக்கொண்டோம்.

அன்று இரவு செஷன் கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து பார்த்தேன். ஆர்டோரின் செஷன் வெறும் எழுத்துக் கோப்புதான், யாரும் திறக்கலாம். நாதஸ்வர ட்ராக்கில் போட்டிருந்த எல்வி2 ஈக்யூவின் அமைப்பு வரிசையாக இருந்தது: எந்த அதிர்வெண், எத்தனை டெசிபல், எவ்வளவு அகலம். அந்த ஈக்யூ நாளை உலகத்திலிருந்தே காணாமல் போனாலும் அந்த எண்களைப் பார்த்து வேறொன்றில் அதே வளைவை வரைந்துவிடலாம். இன்னும் கீழே போனால் தந்தி வாத்திய ப்ளக்-இன். பெயர், ஓர் அடையாள எண், அதன் பிறகு ஆங்கில எழுத்தும் எண்ணும் விரவிய ஒரே நீளச் சரம், திரை திரையாக. நான் இறக்கிய பதினாறு சென்ட்டும், வில்லின் அழுத்தமும், எல்லாம் அந்தச் சரத்துக்குள்தான் இருந்தன. அதைப் படிக்கக்கூடிய ஒரே நிரல் அந்த ப்ளக்-இன். என் இரண்டு இரவு வேலை என் வட்டிலேயே, என் கண் முன்னாலேயே, என்னால் படிக்க முடியாத எழுத்தில் கிடந்தது.

தந்தி வாத்தியம் இல்லாமலே கலந்து அனுப்பினேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னார்.

'விண்டோஸில் செய்திருந்தால் இந்தப் பிரச்சினை வந்திருக்காதே' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்த ஒரு முறை வந்திருக்காது. ஆனால் மூடிய ப்ளக்-இன்னை நம்பியவர்கள் விண்டோஸிலும் மேக்கிலும் நிம்மதியாக இருந்துவிடவில்லை. 2019இல் மேக் இயங்குதளம் 32 பிட் நிரல்களை ஓட்டுவதை நிறுத்தியபோது எத்தனையோ பழைய ப்ளக்-இன்கள் ஒரே புதுப்பிப்பில் ஊமையாயின. க்யூபேஸுக்கே பல ஆண்டுகள் பூட்டாக இருந்த யுஎஸ்பி டாங்கிளின் உரிமச் சேவை 2025 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் என்ற ப்ளக்-இன் நிறுவனம் நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்ததால் சில நாட்களிலேயே பின்வாங்கியது. பின்வாங்கியது நல்லது. ஆனால் வாங்கியவர்கள் அந்தச் சில நாட்கள் எதைக் கண்டு நடுங்கினார்களோ அது எங்கும் போய்விடவில்லை.

இரண்டு சிந்தசைசர்களின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். கேமல் ஆடியோ என்ற சிறு நிறுவனத்தின் ஆல்கெமி, ஒரு காலத்தில் உலகமே கொண்டாடிய வாத்தியம். 2015இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஆல்கெமி லாஜிக்குக்குள் போய்ச் சேர்ந்தது. தனி ப்ளக்-இன்னாக விற்பது நின்றது. விண்டோஸில் அதை வைத்துப் பாட்டுச் செய்தவர்களுக்கு அடுத்த பதிப்பு என்று ஒன்று இல்லை. இன்னொன்று சர்ஜ். க்ளேஸ் யோஹான்ஸன் எழுதி விற்றுவந்த சிந்த். அவருக்கு அதைத் தொடர முடியாமல் போனபோது, 2018இல் மூலநிரலைப் பொதுவில் திறந்து வைத்தார். ஊர் கூடி அதை எடுத்துக்கொண்டது. இன்று சர்ஜ் எக்ஸ்டி என்ற பெயரில் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இலவசமாக ஓடுகிறது. செய்தவர் கைவிட்ட பிறகு முன்னைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கிறது. நம்முடைய சுருதி அமைப்புக்கு ஏற்ப ஸ்வர இடைவெளிகளை எழுதி அதில் ஏற்றிக்கொள்ளலாம். ராகத்துக்கு ராகம் காந்தாரம் எவ்வளவு நகர்கிறது என்பதைக் காதால் அறிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து வரும் வாதம் தரம். 'இலவச ப்ளக்-இன் பழக நல்லது, தொழிலுக்கு ஆகாது' என்பார்கள். இதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் கேட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. விலையைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஈக்யூ என்பது கணக்கு. ராபர்ட் பிரிஸ்டோ-ஜான்சன் எழுதிப் பொதுவில் வைத்த சூத்திரங்களை இலவச ப்ளக்-இன்னும் கையாள்கிறது, விலை போட்டு விற்பவரும் கையாள்கிறார். பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு மிக்ஸிங் மேசை செய்துவந்த ஹாரிசன் நிறுவனம் 2009இல் தன் மேசையை மென்பொருளாக்கி மிக்ஸ்பஸ் என்று வெளியிட்டபோது, அதை ஆர்டோரின் மேல்தான் கட்டியது. தொழில் தெரியாதவர்கள் செய்யும் தேர்வா அது? ராபின் கரேயஸின் எக்ஸ்42 தொகுப்பு, எல்எஸ்பி தொகுப்பு, டிராகன்ஃப்ளை ரிவெர்ப், கிறிஸ் ஜான்சன் ஏர்விண்டோஸ் என்ற பெயரில் திறந்து கொடுத்திருக்கும் நூற்றுக்கணக்கான சிறு ப்ளக்-இன்கள் — இவற்றை வைத்துக் கலந்த பாட்டில் குறை இருந்தால் அது கலந்தவர் காதில் இருக்கும் குறை. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

எல்லாவற்றுக்கும் மாற்று இருக்கிறது என்றும் நான் சொல்லமாட்டேன். கான்டாக்ட் என்ற ப்ளக்-இன்னுக்காகச் செய்யப்பட்ட பெரும் ஆர்க்கெஸ்ட்ரா சாம்பிள் தொகுப்புகளுக்கு ஈடாகத் திறந்த உலகில் ஒன்றும் இல்லை. குரலின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே பிடித்து நகர்த்தும் மெலடைன் போன்ற கருவிக்கும் அப்படித்தான். சினிமா வேலை செய்பவருக்கு இவை சோறு போடும் கருவிகள். இசையமைப்பாளர் அனுப்பும் செஷனில் இன்ன ப்ளக்-இன் இருக்கிறது என்றால் அது நம்மிடமும் இருந்தாக வேண்டும். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: அந்த வேலைக்கு விண்டோஸோ மேக்கோ வைத்துக்கொள்ளுங்கள். செய்த நிறுவனம் எங்கே ஓடும் என்று வாக்குக் கொடுத்ததோ அங்கே ஓட்டுங்கள். முடிந்ததும் ஒலியாக்கி, வேவ் கோப்பாக லினக்ஸுக்கு எடுத்து வாருங்கள். காலை ஒன்பது மணிக்குப் பாடகர் வந்து நிற்கும்போது, முந்தின நாள் இரவு வைன் தானாகப் புதுப்பிக்கப்பட்டதால் ப்ளக்-இன் திறக்கவில்லை என்று அவரிடம் சொல்ல முடியாது.

'புதிதாக வருபவர்களுக்காவது பாலம் வேண்டாமா? பழகிய கருவி இல்லாமல் எப்படி மாறுவார்கள்?' இதுதான் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம். நானும் பல ஆண்டுகள் இதைத்தான் சொல்லி வந்தேன். ஆனால் என் மூலமாக மாறிய பிள்ளைகளைப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டது. அவர்கள் லினக்ஸுக்கு வந்த முதல் மாதத்தில் இசை செய்யவில்லை. வைன் பதிப்பு, உரிம நிரல், திறக்காத சாளரம் இவற்றோடுதான் மல்லுக்கட்டினார்கள். நூறு ப்ளக்-இன்னில் எழுபது ஓடும், முப்பது ஓடாது. ஓடாத முப்பதுக்கும் பழி விழுவது லினக்ஸின் மேல். பக்கத்திலேயே சும்மா கிடக்கும் ஸின்ஆட்சப்எஃப்எக்ஸையோ சர்ஜையோ அவர்கள் ஒரு நாள்கூட முழுதாகத் திறந்து பார்க்கவில்லை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான். இங்கே எறிந்தது கந்தையும் அல்ல, நல்ல நூலில் நெய்த சேலை.

நாம் பேசத் தயங்கும் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. "என்னிடம் முன்னூறு ப்ளக்-இன் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு எப்படி வருவது?" என்று கேட்கும் தம்பிகளிடம் எத்தனைக்குக் காசு கொடுத்தாய் என்று கேட்டால் தலை குனிகிறார்கள். நம் ஊர் வீட்டு ஸ்டுடியோக்களில் கிராக் ஓடும் அளவு இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. ஒரு ப்ளக்-இன் விலை ஒரு மாத வீட்டு வாடகையாக இருக்கும் இடத்தில், கற்றுக்கொள்ளத் துடிக்கும் பிள்ளை வேறென்ன செய்யும்? ஆனால் அந்தக் கிராக்கைப் பாலத்தின் வழியே லினக்ஸுக்கும் கொண்டுவருவது எந்த வகையில் விடுதலை? அதில் ஆபத்தும் உண்டு. வைன் சாதாரண அமைப்பில் உங்கள் வட்டு முழுவதையும் 'இசட்' என்ற டிரைவாக விண்டோஸ் நிரலுக்குக் காட்டுகிறது. யார் உடைத்தது என்று தெரியாத நிரலுக்கு உங்கள் வீட்டுக் கோப்புகள் அத்தனையும் திறந்து கிடக்கும். திருட்டுப் பழி இல்லாமல், தலை நிமிர்ந்து பயன்படுத்த ஒரு முழு இசைக்கூடம் இலவசமாகக் கிடைக்கிறது என்பதுதான் அந்தப் பிள்ளைக்கு நாம் முதலில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி. நாம் அதைச் சொல்லாமல் யாப்ரிட்ஜை நிறுவக் கற்றுக்கொடுத்தோம்.

காசு கொடுத்து வாங்குவதற்கு நான் எதிரி அல்ல. பிரான்ஸின் மோடார்ட் நிறுவனம் பியானோடெக்கை லினக்ஸுக்கென்றும் செய்து விற்கிறது. பிட்விக், ரீப்பர், ரெனாய்ஸ் எல்லாம் லினக்ஸிலேயே நேராக ஓடுகின்றன. பெர்லினின் யூ-ஹி தன் சிந்த்களை லினக்ஸுக்கும் கட்டித் தருகிறது. இவை மூடிய மென்பொருள்கள்தான். ஆனால் இவர்கள் நம்மைத் தங்கள் வாடிக்கையாளராக எண்ணி ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். பாலத்தின் வழியே ஒரு விண்டோஸ் ப்ளக்-இன்னை வாங்கும் லினக்ஸ்காரர் விற்பவரின் கணக்கில் விண்டோஸ்காரராகத்தான் பதிவாகிறார். 'லினக்ஸில் யாரும் வாங்குவதில்லை' என்று அந்த நிறுவனம் சொல்லும்போது அதற்கு ஆதாரமாக நிற்பது நாம் கொடுத்த காசு. லினக்ஸுக்கென்று மெனக்கெட்டவர்களுக்குப் போயிருக்க வேண்டிய காசு அது.

எதிர்ப்பக்கத்தில் நின்று 'விஎஸ்டி என்ற பெயரே லினக்ஸில் கூடாது' என்று சொல்லும் தூயவாதிகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை. வடிவம் வேறு, அந்த வடிவத்தில் செய்யப்பட்ட பண்டம் வேறு. விஎஸ்டி3-க்கு 2017இலேயே லினக்ஸ் ஆதரவு வந்தது. ஜிபிஎல் உரிமத்திலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது, 2025 அக்டோபரில் 3.8 பதிப்போடு எம்ஐடி உரிமத்துக்கே மாறிவிட்டது. எவரும் எடுத்து எதையும் செய்யலாம். அதற்கு முன்பே, 2022இல், யூ-ஹியும் பிட்விக்கும் சேர்ந்து க்ளாப் என்ற வடிவத்தை எம்ஐடி உரிமத்திலேயே வெளியிட்டிருந்தார்கள். வடிவத்தின் மேல் நமக்கிருந்த பழைய கோபத்துக்கு இனிக் காரணமில்லை. சர்ஜ் எக்ஸ்டியை விஎஸ்டி3-ஆகப் போட்டாலும் அதன் மூலநிரல் திறந்தே இருக்கிறது. என் பாட்டைத் தின்றது விஎஸ்டி என்ற ஒப்பந்தம் அல்ல. மூடிய நிரல், தொலைவில் எங்கோ இருக்கும் ஒரு சர்வரிடம் அனுமதி கேட்கும் பூட்டு, யாரும் வாக்குக் கொடுக்காத இடத்தில் அதை ஓட்டிய என் துணிச்சல், இவை மூன்றும்தான்.

லினக்ஸுக்கு மாறலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால் இப்போது ப்ளக்-இன் பட்டியலைப் பற்றிப் பேசுவதில்லை. ஆர்டோரையோ ரீப்பரையோ நிறுவச் சொல்கிறேன். ஒரு ஈக்யூ, ஒரு கம்ப்ரஸர், ஒரு ரிவெர்ப், ஒரு சிந்த்: நான்கு லினக்ஸ் ப்ளக்-இன் மட்டும் கொடுக்கிறேன். மூன்று மாதம் வேறெதையும் தேடாமல் நான்கு பாட்டு முடித்துவிட்டு வரச் சொல்கிறேன். வருகிறவர்கள் ப்ளக்-இன் கேட்பதில்லை. மைக்கை எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள்.

ஏற்கெனவே பாலத்தின் மேல் நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய செஷன்களில் ஒன்றைத் திறங்கள். விண்டோஸ் ப்ளக்-இன் ஓடும் ஒவ்வொரு ட்ராக்கையும், அது இன்னும் ஒலிக்கும்போதே, தனித்தனி வேவ் கோப்பாக எடுங்கள். ஒரு பிரதி ப்ளக்-இன்னோடு, ஒரு பிரதி ப்ளக்-இன் இல்லாமல். மிடி ஸ்வரங்களைத் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். சுருதி, தாளம், திருகிகளின் எண்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அந்தக் கோப்புறையிலேயே போடுங்கள். ஒரு பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும். வாசித்தவர் வயதானவராக இருந்தால் அந்தப் பாட்டிலிருந்து தொடங்குங்கள்.